நிக்கிற சிலை வேண்டாம்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நாலு மாசமா என் போனை எடுக்க மாட்டேங்கற. நேர்ல வந்தா மாமா வாசல்லயே நின்னுக்கிட்டு "அவ தூங்கறாம்மா"ங்கறார். சாயங்காலம் ஆறு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததே இல்ல. உள்ள குக்கர் விசில் வேற கேக்குது. தூக்கத்துலயா சமைக்கற? பாவம் அவர், பொய் சொல்றப்போ காது சிவந்துடுது. அவரை இதுக்கு மேல கஷ்டப்படுத்த வேண்டாம்னுதான் எழுதறேன். கிழிச்சுப் போடறதா இருந்தாலும் படிச்சுட்டுக் கிழி.

கடைப் பெண்கள் சங்கக் கூட்டத்துல நான் பேசினதுதானே கோவம்? ஜவுளிக்கடையில நாள் முழுக்க நின்னு வித்துட்டு வீங்கின காலோட வீட்டுக்கு வருவியே, அதைச் சொன்னேன். இருவது நிமிஷம் சுவத்துல காலைத் தூக்கி வெச்சுப் படுத்தாத்தான் உன்னால நடக்கவே முடியும்னு சொன்னேன். அப்புறம் நீ சூப்பர்வைசர் ஆயிட்ட, இப்போ உக்கார்ற பொண்ணுங்க பேரை நோட்டுல எழுதறன்னும் சொன்னேன். எல்லாம் உண்மைதானே? உன் பேரைச் சொல்லல. "எங்க அக்கா"ன்னுதான் சொன்னேன். அதை யாரோ போன்ல பிடிச்சுப் பரப்புவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

சரி, அதை விடு. நல்ல சேதி ஒண்ணு. கடைத்தெரு முனையில பஸ் ஸ்டாப் பக்கத்துல சும்மா கிடக்கே ஒரு இடம், அதை நகராட்சி எனக்குக் குடுத்திருக்கு. கடையில வேலை பாக்கற பொண்ணுங்களுக்காக அங்க ஒரு சிலை வைக்கப் போறேன். பத்தடி உயரம். கவுண்டருக்குப் பின்னாடி நிக்கற ஒருத்தி. கால் மட்டும் கொஞ்சம் பெருசா, நரம்பு முடிச்சு முடிச்சாத் தெரியற மாதிரி. போறவங்க வர்றவங்க எல்லாம் அண்ணாந்து பாக்கணும்.

அந்தக் கால் உன் காலா இருந்தா நல்லா இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வந்தா அச்சு எடுத்துடுவேன். அரை மணி நேரம் போதும். வருவியா?

உன் தங்கச்சி


பிப்ரவரி 20

சின்னவளுக்கு,

கிழிக்கல. படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன், ரெண்டாவது தடவை இன்னும் கோவம் வந்துச்சு.

பேரைச் சொல்லலையாம். உனக்கு எத்தனை அக்கா? இந்த ஊர்ல சிலை செய்யற பொம்பளை எத்தனை பேர்? அடுத்த நாள் நான் மூணாவது மாடிக்கு ஏறினப்போ பேசிக்கிட்டிருந்த பொண்ணுங்க எல்லாம் சட்டுனு வாயை மூடிக்கிட்டாங்க. எல்லார் கண்ணும் என் காலுக்குப் போச்சு. மேனேஜர் கூப்பிட்டு, "என்னம்மா, உங்களுக்கு உடம்பு முடியலையா? வேற ஆள் பாத்துக்கட்டுமா?"ன்னார். அக்கறையாக் கேக்கற மாதிரி. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாது. நீ யார்கிட்டயும் கை கட்டி நின்னதில்ல.

கால் என்னுது. வலியும் என்னுது. வீட்டுக்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டு, உன் முன்னாடி மட்டும் நான் காமிச்சது. அதைத் தூக்கிட்டுப் போய் மேடையில வெச்சுட்ட. கேட்டியா என்னை? ஒரு வார்த்தை?

நோட்டு எழுதறேன்தான். யார் எத்தனை நிமிஷம் உக்காந்தாங்கன்னு எழுதணும்ங்கறது அங்க சட்டம். நான் எழுத மாட்டேன்னு சொன்னா மறுநாள் அந்த நோட்டு வேற ஒருத்தி கைக்குப் போகும். அவ எப்படி எழுதுவாங்கறது உனக்குத் தெரியுமா? தெரியாது. ஆனா கைத்தட்டு வாங்கத் தெரியும்.

இப்போ பத்தடிக்கு என் காலை ஊர் நடுவுல வைக்கணுமா? அதுக்கு வந்து அரை மணி நேரம் நிக்க வேற செய்யணுமா? நல்லாருக்கே.

கால் கிடையாது. அச்சும் கிடையாது.

அந்த பிளாஸ்டர் மாவு ஒட்டின கையோடயே சாப்பிட்டுத் தொலைக்காத. நல்லா சோப்புப் போட்டுக் கழுவு.

அக்கா


மார்ச் 5

அக்கா,

திட்டினது எல்லாம் சரி. அதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நேத்து நான் பட்ட அவமானத்தைக் கேட்டா உனக்குக் கொஞ்சம் சந்தோஷமா இருக்கும்.

கடைகளுக்கு லீவு விட்ட செவ்வாய்க்கிழமை, சங்கத்து ரூம்ல பத்தொம்பது பேர் வந்திருந்தாங்க. ஜெராக்ஸ் கடைக்கு மேல இருக்கே, அந்தச் சின்ன ரூம். ரெண்டு அடில களிமண்ல செஞ்ச மாதிரிச் சிலையைத் துணி போட்டு மூடி எடுத்துட்டுப் போயிருந்தேன். துணியை எடுத்தேன். அழுதுடுவாங்கன்னு நெனச்சேன், நெஜமா.

செருப்புக்கடையில வேலை பாக்கற ஒருத்தி எழுந்து வந்து சிலையை ஒரு சுத்து சுத்திப் பார்த்தா. "ஏம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? நாங்கதான் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நிக்கறோம். எங்க பேருல வைக்கிற சிலையும் நிக்கணுமா? அதையாச்சும் உக்கார வையேன்."

அவ்வளவுதான். ரூம் பூரா சிரிப்பு. மூலையில ஒருத்தி சிரிச்சு சிரிச்சுப் புரையேறிட்டா. இன்னொருத்தி சொன்னா, "சிலையைப் பார்த்துப் பாவம்னு சொல்லிட்டுப் போவாங்க. எங்களுக்குப் பாவம் வேண்டாம். பஸ் வர்ற வரைக்கும் குந்த ஒரு இடம் வேணும்."

கோவமா வந்துச்சு. எட்டு மாசமா யோசிச்ச சிலை அது. சிற்பக் கல்லூரியில படிச்சதை எல்லாம் சொல்லி வாதாடினேன். அவங்க பொறுமையாக் கேட்டாங்க, வாடிக்கையாளர் சொல்றதைக் கேக்கற மாதிரி. கடைசியில செருப்புக்கடைக்காரி, "எல்லாம் சரிதான். ஆனா நிக்கற சிலை வேண்டாம்"னா.

வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா முறைச்சுக்கிட்டே படுத்திருந்தேன். காலையில உன் கடுதாசியை மறுபடி எடுத்துப் படிச்சேன். "கேட்டியா என்னை? ஒரு வார்த்தை?" உன்னையும் கேக்கல. இந்தப் பத்தொம்பது பேரையும் கேக்கல. அவங்களுக்காகன்னு சொல்லி எனக்குப் பிடிச்சதைச் செஞ்சுட்டு, அதைப் பார்த்து அவங்க அழணும்னு எதிர்பார்த்திருக்கேன்.

களிமண்ணைப் பிசைஞ்சு உருட்டித் தொட்டியில போட்டுட்டேன். இப்போ சிமென்ட்ல ஸ்டூல்கள் செய்யலாம்னு முடிவு. பஸ் ஸ்டாப் ஓரமா, ஆளுக்கு ஒண்ணு, வட்டமா, ஒண்ணரை அடி உயரம். படம் வெச்சிருக்கேன். உனக்குக் காட்டணும்னு தோணிச்சு.

இதுக்காவது பதில் போடு.

தங்கச்சி


மார்ச் 17

சின்னவளுக்கு,

செருப்புக்கடைக்காரி யாரு? அவளை எனக்குப் பிடிச்சிருக்கு.

மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. படத்தைப் பார்த்தேன், சும்மா இருக்க முடியல, அதான் எழுதறேன். ஸ்டூல் தப்பு. மொத்தமும் தப்பு.

இருவத்திரண்டு வருஷம் நின்னவ சொல்றேன், கேட்டுக்கோ. முதல்ல முதுகுக்குச் சாய ஒரு சுவர் வேணும். வட்ட ஸ்டூல்ல முதுகு அந்தரத்துல நிக்கும், அதுக்கு நிக்கறதே மேல். ரெண்டாவது, ஒண்ணரை அடி எல்லாருக்கும் ஒத்து வராது. எங்க மாடியில ஒருத்திக்கு என் தோள் உயரம், இன்னொருத்தி கதவு நிலையில தலை இடிக்கற அளவு. அப்புறம், காலைத் தொங்கப் போட்டா வலி போகாது. இறங்கின ரத்தம் அப்படியே நிக்கும். காலைக் கொஞ்சமாவது தூக்கி வைக்க எதிர்ல ஒரு மேடு வேணும். சரிவா இருக்கணும், குதிகால் வழுக்காம. பை மாட்ட ஒரு கொக்கி. பையை மடியில வெச்சா அதுவும் ஒரு பாரம்.

தனித்தனியாப் போடாத. ஒருத்தி பக்கத்துல ஒருத்தி உக்காரணும். பத்து மணி நேரம் பக்கத்துப் பக்கத்துல நின்னாலும் பேசக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. பஸ் வர்ற வரைக்குமாவது பேசட்டும்.

பில் பேப்பர் பின்னாடி படம் போட்டிருக்கேன். எனக்கு வரையத் தெரியாது. சிரிக்காத.

தபால்ல போட்டா நாலு நாள் ஆகுது. உங்க மாமா ஸ்கூல் வேன் தினம் உன் பட்டறை வழியாத்தான் போகுது. இனிமே அவர்கிட்ட குடு. போன் மட்டும் பண்ணாத. போன்ல பேசினா முதல் நிமிஷத்துலயே சண்டை வரும். எழுதினா திட்டறதுக்கு முன்னாடி யோசிக்கவாவது நேரம் இருக்கு.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

சிரிக்கல. உன் படத்தைப் பட்டறைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன். ஸ்டூல் எல்லாம் போச்சு. இப்போ ஒரே நீள இருக்கை, பின்னாடி சாயறதுக்குச் சுவர், முன்னாடி காலுக்குச் சரிவான மேடு. நகராட்சி இன்ஜினியர் வந்து பார்த்துட்டு, "இந்த மேடு எதுக்கு? ஜனங்க தடுக்கி விழுவாங்களே"ன்னார். செருப்புக்கடைக்காரி நேராப் போய் மாதிரிக்கு அடிச்சு வெச்சிருந்த மரச் சட்டத்துல உக்காந்தா, செருப்பைக் கழட்டினா, ரெண்டு காலையும் தூக்கி மேட்டுல வெச்சா, கண்ணை மூடிக்கிட்டா. அவர் குனிஞ்சு மேட்டை அளந்து பார்த்தார். அப்புறம், "ஓரத்துல மஞ்சள் கோடு போட்டுடுங்க"ன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆளுக்கு ஆள் உயரம் மாறும்னு சொன்னியே, அதுல ஒரு யோசனை வந்துச்சு. ஒவ்வொருத்தரும் ஈரக் களிமண்ல உக்கார்றாங்க. மேல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஷீட், துணி அழுக்காகாம. நூறு எண்ணற வரைக்கும் அசையாம உக்காரணும். எழுந்தா அவங்க உடம்பு அச்சு அப்படியே இருக்கும். அதுல பிளாஸ்டர் ஊத்தி, அதை வெச்சு சிமென்ட்ல வார்க்கறோம். அந்த இடத்துக்கு எவ்வளவு உயரம் வேணும்ங்கறதையும் அவங்களே சொல்றாங்க. பத்தொம்பது பேர் இப்போ நாப்பத்தோரு பேர் ஆயிட்டாங்க. பட்டறையில ஒரே கூத்து. "என் பின்பக்கத்தை ஊரே பார்க்கப் போகுது"ன்னு ஒருத்தி வெக்கப்பட்டா. "பார்க்க மாட்டாங்கடி, அதுமேல உக்காருவாங்க"ன்னு இன்னொருத்தி. அதைக் கேட்டு முதல்ல வெக்கப்பட்டவ இன்னும் அதிகமா வெக்கப்பட்டா.

போன வாரம் வந்தவங்களை உனக்குத் தெரியும். உங்க மாடியில துண்டு, போர்வை விக்கற இடத்துல பதினெட்டு வருஷம் இருந்தவங்க. எல்லாரும் துண்டம்மான்னு கூப்பிடறாங்களே, அவங்க. கணுக்கால்ல புண்ணு, கட்டுப் போட்டிருந்தாங்க. உக்காந்ததுக்காக ஜனவரியில வேலையை விட்டு அனுப்பிட்டாங்களாம். நான் உன் தங்கச்சின்னு தெரிஞ்சுதான் வந்தாங்க. உன்னைத் திட்டப் போறாங்கன்னு நான் தயாரா இருந்தேன்.

அவங்க சொன்னது இது: "உங்க அக்கா எழுதறதை நான் பக்கத்துலேருந்து பார்த்திருக்கேன். பத்து நிமிஷம் உக்காந்தா ரெண்டுன்னு போடும். ரெண்டு நிமிஷம் உக்காந்தா பேனாவையே எடுக்காது. அது மட்டும் இல்லன்னா எங்க பாதிப் பேருக்கு எப்பவோ வேலை போயிருக்கும்."

அக்கா, இத்தனை வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல? நான் மேடை ஏறி நாலு பேர் முன்னாடி உன்னை என்னவோ மாதிரிச் சொல்லிட்டு வந்திருக்கேனே. வலியைச் சொன்னது ஒரு தப்புன்னா, பாதியை மட்டும் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னிச்சுடு. மன்னிக்கலன்னாலும் பரவாயில்ல, நான் கேட்டாகணும்.

இன்னொண்ணு. உக்கார விடணும்னு சங்கம் போட்ட மனு மே 22 தொழிலாளர் அலுவலகத்துல விசாரணைக்கு வருது. "நாங்கள் யாரையும் உட்காரக் கூடாதென்று சொன்னதே இல்லை"ன்னு உங்க கடை எழுதிக் குடுத்திருக்கு. ஆதாரம் எங்கன்னு கேக்கறாங்க. உன் நோட்டைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். துண்டம்மா சொன்னாங்க, "அந்தப் பொண்ணைக் கேக்காதீங்க. அது வயித்துப்பாட்டுல கை வைக்காதீங்க"ன்னு. நானும் கேக்கல. கேக்கவும் மாட்டேன். உனக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னுதான் எழுதினேன்.

தங்கச்சி


ஏப்ரல் 20

சின்னவளுக்கு,

துண்டம்மா புண்ணு ஆறிடுச்சா? கட்டு மாத்தறாங்களா? அதை ஏன் எழுதல?

அவங்க உன்கிட்ட ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டாங்க. அவங்களுக்குத் தெரியாம இருக்காது. தெரிஞ்சும் சொல்லல.

ஜனவரியில ஒரு நாள், தள்ளுபடி விற்பனை, கூட்டம். அவங்க கட்டு நனைஞ்சு போயிருந்துச்சு. துண்டு அடுக்கின மேஜைக்குப் பின்னாடி உக்காந்துட்டாங்க. நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி நகர்ந்துட்டேன். திரும்பினா மேனேஜர் நிக்கறார். கையில கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே, "பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. எழுதுங்க"ங்கறார். பேனாவை எடுத்து ரெண்டுன்னு போடப் போனேன். "பன்னெண்டு"ன்னார் மறுபடி. எழுதினேன். பதினொரு வருஷத்துல அந்த நோட்டுல நான் எழுதின ஒரே உண்மையான நிமிஷம் அதுதான். அதுக்குத்தான் அவங்க வேலை போச்சு.

அவங்க கீழ இறங்கிப் போறப்போ மாடிப்படியில ஒவ்வொரு படியா ரெண்டு காலையும் வெச்சு வெச்சு இறங்கினாங்க. நான் மேல நின்னு பார்த்தேன். போய்க் கையைப் பிடிச்சிருக்கலாம். பிடிக்கல.

உன்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டியே. என்னன்னு சொல்றது? நல்லவளா இருக்கத் தைரியம் இல்லாம, நிமிஷத்தைக் குறைச்சுப் போட்டுத் திருப்திப்பட்டுக்கிட்டேன்னா?

அச்செடுக்க என்னைக் கூப்பிடாத. அந்த வரிசையில உக்கார எனக்கு மூஞ்சி இல்ல.

மன்னிப்பு விஷயம் அப்புறம் பாக்கலாம். கடுதாசி நல்லா எழுதற, அதை மட்டும் சொல்லி வைக்கறேன்.

அக்கா


மே 23

அக்கா,

நேத்து என்ன பேசினன்னே உனக்கு ஞாபகம் இல்லையாம். காலையில வேனை நிறுத்தி மாமா சொன்னார், "ராத்திரி பூரா 'நான் என்னங்க சொன்னேன், நான் என்னங்க சொன்னேன்'னு கேட்டுக்கிட்டே இருந்தா"ன்னு. அதனால நான் பார்த்ததை எழுதறேன். பத்திரமா வெச்சுக்கோ.

நீ வருவன்னு நாங்க யாரும் நினைக்கல. விசாரணை ஆரம்பிச்சு அரை மணி ஆயிருந்துச்சு. உங்க கடை வக்கீல், "வாய்ப்பேச்சு தவிர இவர்களிடம் ஒன்றும் இல்லை"ன்னு சொல்லிக்கிட்டிருந்தார். கதவு திறந்துச்சு. கடை யூனிபார்மோட நீ நிக்கற. கையில பச்சை அட்டை போட்ட மூணு நோட்டு.

"நான் மூணாவது மாடி சூப்பர்வைசர். இதை நான்தான் எழுதினேன்"னு சொல்லி மேஜை மேல வெச்ச. குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு.

விசாரிக்கற அதிகாரி அம்மா புரட்டிப் பார்த்தாங்க. "உக்காந்து பேசுங்க"ன்னாங்க. நீ பழக்கதோஷத்துல, "பரவாயில்ல மேடம், நிக்கறேன்"னு சொன்ன. "உக்காருங்கம்மா. இந்த வழக்கே அதைப் பத்தித்தான்"னாங்க அவங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க, உங்க கடை வக்கீல்கூட. நீ நாற்காலி நுனியில உக்காந்த.

அப்புறம் அந்த வக்கீல் எழுந்தார். "இதில் எழுதியிருப்பது எல்லாம் உண்மையா?"

நீ, "இல்ல சார்"னு சொன்ன.

செருப்புக்கடைக்காரி என் கையை இறுக்கிப் பிடிச்சா. எல்லாம் போச்சுன்னு நினைச்சேன்.

"நிமிஷம் பொய். பேரும் தேதியும் உண்மை."

"ஏன் பொய் எழுதினீர்கள்?"

"உண்மையை எழுதினா அவங்களுக்கு வேலை போயிடும் சார். ஒரே ஒரு தடவை உண்மையை எழுதினேன். போயிடுச்சு." சொல்லிட்டு நீ திரும்பி, ரெண்டாவது வரிசையில இருந்த துண்டம்மாவைப் பார்த்து, "நான்தான் எழுதினேன்க்கா. என்னை மன்னிச்சுடுங்க"ன்னு கேட்ட.

அவங்க என்ன சொன்னாங்கன்னு உனக்குக் கேட்டிருக்காது. "தெரியும்டி. கண்ணைத் துடை"ன்னாங்க. புண்ணு ஆறிக்கிட்டு வருது, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாத்தறாங்க.

வெளிய வந்தப்போ நீ நேரா என்கிட்ட வந்த. என் முழங்கையில காஞ்சு ஒட்டியிருந்த சிமென்ட்டை நகத்தால சுரண்டி விட்டுட்டு பஸ்ஸுக்குப் போயிட்ட. நான் அங்கேயே நின்னேன், பத்து நிமிஷம் இருக்கும்.

தீர்ப்பு மூணு வாரத்துலன்னு சொல்றாங்க. கடையில உன்னை என்ன பண்ணாங்க? மாமா வாயைத் திறக்க மாட்டேங்கறார். காது மட்டும் சிவக்குது.

தங்கச்சி


ஜூன் 2

சின்னவளுக்கு,

என்ன பண்ணுவாங்க? கடைப் பொருளை வெளிய எடுத்துட்டுப் போனேன்னு சொல்லி நிறுத்தி வெச்சிருக்காங்க. அந்த நோட்டு மூணும் நான் என் காசுல வாங்கினது, அது வேற கதை.

பத்து நாளா வீட்டுல இருக்கேன். உனக்கு ஒரு வேடிக்கை தெரியுமா? எனக்கு உக்காரத் தெரியல. நாற்காலியில உக்காந்தா ரெண்டாவது நிமிஷம் யாரோ வர்ற மாதிரி இருக்கு, எழுந்துடறேன். உங்க மாமா என்னைப் பார்த்துட்டு, "உனக்கு ஒரு சூப்பர்வைசர் வெச்சுத்தான் உக்கார வைக்கணும்"ங்கறார். சாயங்காலம் நான் உக்காந்த நேரத்தை அவரே கடிகாரம் பார்த்துச் சொல்றார். நேத்து ஏழு நிமிஷமாம். முன்னேற்றம்னார். மனுஷன் கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்பத்தான் ஜோக் அடிக்கறார்.

பயமா இல்லையான்னு கேப்ப. இருக்கு. நாப்பத்தேழு வயசுல யார் வேலை குடுப்பாங்க? ஆனா ராத்திரி நல்லாத் தூக்கம் வருது. இது என்ன கணக்குன்னு எனக்குப் புரியல.

நீ எழுதினதைப் படிச்சேன். நான்தானா அப்படிப் பேசினேன்? தைரியசாலி மாதிரி இருக்கே. துண்டம்மா பக்கம் திரும்பினது வரைக்கும் ஞாபகம் இருக்கு, அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. அவங்க சொன்னதை எழுதினியே, அது போதும்.

வேலை எப்படிப் போகுது? சுவரை ரொம்ப நேரா வெச்சுடாத, லேசாச் சாய்ஞ்சிருக்கணும்.

அக்கா


ஜூன் 14, சனிக்கிழமை

அக்கா,

அவசரமா எழுதறேன், மாமா ஹாரன் அடிச்சுக்கிட்டிருக்கார். இன்னிக்குக் காலையில நானும் இன்ஜினியரும் பஸ் ஸ்டாப்புல அளவு எடுத்துக்கிட்டிருந்தோம். உங்க கடை ஷட்டர் திறந்துச்சு. பொண்ணுங்க யாரும் உள்ள போகல. வாசல்படியில உக்காந்தாங்க. முதல்ல உங்க மாடி, பதினாலு பேர். அப்புறம் ரெண்டாவது மாடி. அப்புறம் பில் போடறவங்க. கத்தல, கோஷம் இல்ல. உக்காந்தாங்க, அவ்வளவுதான். மேனேஜர் ஓடி வந்து, "என்ன வேணும் உங்களுக்கு?"ன்னார். உங்க மாடியில உயரமா ஒருத்தி இருக்காளே, கதவுல தலை இடிக்கறவ, அவதான் பேசினா. "எங்க சூப்பர்வைசர் வரட்டும் சார். அது வரைக்கும் இப்படியே இருக்கோம். நீங்கதான் உக்காரக் கூடாதுன்னு சொன்னதே இல்லையாமே?"

எதிர்க்கடையிலேருந்து தண்ணி குடுத்தாங்க. துணி வாங்க வந்தவங்க சிலர் திட்டிட்டுப் போனாங்க, சிலர் படியில பக்கத்துல உக்காந்துட்டாங்க. ஒரு மணிக்கு முதலாளியே வந்து, உன்னைத் திரும்பக் கூப்பிடறேன்னு சொன்னார்.

சாயங்காலத்துக்குள்ள உனக்குப் போன் வரும். என் போன் இல்ல. எடு.

தங்கச்சி


ஆகஸ்ட் 24

சின்னவளுக்கு,

ரெண்டு மாசமா எழுதல. வேலை, அப்புறம் கொஞ்சம் சோம்பேறித்தனம். உக்காரக் கத்துக்கிட்டேன்ல, அதோட விளைவு.

உக்கார விடணும்னு வந்த தீர்ப்பை நீ பேப்பர்ல பார்த்திருப்ப. பேப்பர்ல வராததைச் சொல்றேன். ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு ஸ்டூல் வந்துச்சு. முதல் நாள் யாரும் உக்காரல. ஸ்டூலைச் சுத்திச் சுத்தி நடந்தாங்க, ஏதோ கடிச்சுடற மாதிரி. நான் இப்போ சூப்பர்வைசர் இல்ல, குழந்தைத் துணி விக்கறேன். பதவியைப் பிடுங்கிட்டோம்னு அவங்களுக்குத் திருப்தி, நோட்டு ஒழிஞ்சுதேன்னு எனக்கு. சரி, யாராவது ஆரம்பிக்கணுமேன்னு நான் போய் உக்காந்தேன். ஒரு அம்மா கைக்குழந்தையோட வந்தாங்க. எழுந்திருக்கப் போனேன். "பரவாயில்ல, உக்காந்துக்கிட்டே காமிங்க"ன்னாங்க. அஞ்சு சட்டை வாங்கினாங்க. உக்காந்துக்கிட்டே வித்தாலும் துணி விக்குது, ஆச்சரியம்தான்.

துண்டம்மாவைத் திரும்ப எடுத்துக்கணும்னு தீர்ப்புல இருந்துச்சே, வந்தாங்க. ஒரே ஒரு நாள். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்காம உக்காந்து துண்டு வித்தாங்க. மேனேஜர் மூணு தடவை அந்தப் பக்கம் போனார், மூணு தடவையும் அவரைப் பார்த்துச் சிரிச்சாங்க. மறுநாள் வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. "இதுக்குத்தான் வந்தேன்"னாங்க. இறங்கறப்போ நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவங்களுக்கு இப்போ பிடிக்க வேண்டிய அவசியம் இல்ல, நல்லாவே நடக்கறாங்க. எனக்கு அவசியமா இருந்துச்சு.

இனி முக்கியமான விஷயம். உன் இருக்கையைத் திறந்து வெச்ச அன்னிக்கு நான் வரல. நீ கேட்டா உடம்பு சரியில்லன்னு சொல்லுங்கன்னு உங்க மாமாகிட்ட சொல்லியிருந்தேன், சொல்லியிருப்பார், காதைப் பார்த்து நீயும் கண்டுபிடிச்சிருப்ப. கூட்டத்துல எனக்குக் கூச்சம். மறுநாள் வேலை முடிஞ்சு தனியாப் போனேன். உனக்குச் சொல்றேன், உக்கார இடமே இல்ல! ஆட்டோக்காரர் ரெண்டு பேர், ஒரு கர்ப்பிணி, ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க காலை மேட்டுல தூக்கி வெச்சுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு. நாப்பத்தோரு இடமும் நிறைஞ்சிருக்கு. பார்த்துக்கிட்டே நின்னேன். கால் வலிச்சுச்சு, ஆனா கோவம் வரல.

நீலப் புடவையில ஒருத்தி நகர்ந்து, "வாங்க, இது அகலமா இருக்கு, ரெண்டு பேர் உக்காரலாம்"னா. யாரோட அச்சோ, மகராசி நல்லா இருக்கட்டும். காலைத் தூக்கி வெச்சேன். மேடு சரியா இருக்கு. சுவரும் சாய்ஞ்சிருக்கு. நான் சொன்னபடி கேட்டிருக்க.

அந்த நீலப் புடவைக்காரி ஆஸ்பத்திரியில தரை துடைக்கறவ. இந்த இருக்கையை யார் செஞ்சாங்கன்னு கேட்டா. என் தங்கச்சின்னு சொன்னேன். அவளுக்குக் கண்ணு விரிஞ்சுடுச்சு. அவங்க இருவத்தாறு பேராம். சாப்பிடவோ துணி மாத்தவோ அவங்களுக்குன்னு ஒரு அறை கிடையாதாம். பிணவறைக்கு வெளிய இருக்கற நடையில தரையில உக்காந்து சாப்பிடறாங்களாம். "உங்க தங்கச்சி எங்களுக்கும் ஏதாவது செய்வாங்களா?"ன்னா. நான் சொன்னேன், "அவ செய்ய மாட்டா. நீங்க சொல்லணும், நீங்க செய்யணும், அவ கூட இருப்பா. முதல்ல அவ எதையாவது தப்பாத்தான் செஞ்சு எடுத்துட்டு வருவா, சிரிச்சு விட்டுடுங்க, சரியாயிடும்."

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு அவளையும் இன்னும் நாலு பேரையும் உன் பட்டறைக்குக் கூட்டிட்டு வரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேக்கல. வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது.

அதனால இப்போ கேக்கறேன். வரலாமா?

அக்கா